தனியாகவா, குடும்பத்தோடா: சிங்கப்பூர் வேலைக்கு முன் ஒரு பள்ளத்தூர் வீடு போட்ட கணக்கு

சென்ற தை மாதம் என் தம்பி மகனுக்குச் சிங்கப்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அவனுக்கு வயது 34. மனைவி காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூர் வீட்டில் என் தம்பியும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். இருவரும் 65-ஐத் தாண்டியவர்கள். வீட்டுக் கடன் இருந்ததால் போகாமல் இருப்பது என்ற வழி முதல் நாளிலேயே பேச்சிலிருந்து விலகிவிட்டது. எஞ்சியவை மூன்று: அவன் மட்டும் போவது, நால்வரும் போவது, கணவனும் மனைவியும் சின்னவனோடு போய் மகளை அப்பத்தாவிடம் விடுவது. பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்று நான்காவதாக ஒன்றைச் சிலர் சொன்னார்கள். அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எதையும் எடைபோடுவதற்கு முன் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பல வீடுகளில் வாரக்கணக்கில் விவாதிக்கப்படும் வழி, சட்டப்படி இல்லாத வழியாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட் என்ற கீழ்நிலை வேலை அனுமதியில் வேலை செய்பவர், நம் பக்கத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர், மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கு மேல்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் குடும்பத்தை அழைக்க நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். தாய் தந்தையை நீண்ட நாள் தங்க அழைப்பதற்கு அது 12,000 வெள்ளி. டிபெண்டன்ட் பாஸில், அதாவது குடும்பத்தினருக்கான அனுமதியில், செல்லும் மனைவி, 2021 மே மாதத்துக்குப் பிறகு, தனக்கென ஒரு வேலை பாஸ் கிடைத்தால்தான் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். ஒப்பிட்டுச் சொன்னால், ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்கும் வரம்பு 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். ஆகையால் துபாயில் இருக்கும் நடுத்தரச் சம்பளக்காரருக்கு இருக்கும் ஒரு வழி, சிங்கப்பூரில் அதே நிலையில் உள்ளவருக்கு இல்லை. அமெரிக்காவில் சேர்த்து அழைத்துச் செல்வது எளிது, ஆனால் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை மிக நீளமானது என்பதால், அங்கேயே வளர்ந்த பிள்ளை 21 வயதில் பெற்றோரின் விசாவிலிருந்து வெளியே தள்ளப்படும் அபாயம் இருக்கிறது. எல்லை கடந்து வாழும் குடும்பத்தின் நலம் அன்பையும் வருமானத்தையும் மட்டும் பொறுத்ததில்லை. எந்த பாஸ் என்பதிலேயே அதில் பாதி தீர்ந்துவிடுகிறது.

தனியாகப் போகும் வழிக்குச் செட்டிநாட்டில் மிகப் பெரிய முன்னுதாரணம் உண்டு. என் தம்பி மகனும் அதைத்தான் முதலில் சொன்னான்: "பெரியப்பச்சி, நம்ம அய்யாமாரெல்லாம் தனியாத்தானே போனாங்க?" அய்யா என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. போனார்கள், உண்மை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன செட்டியார்கள் மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கிட்டங்கி என்ற தொழிற்கூடத்தில் கணக்குப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் தனியாகப் போவதைத் தாங்கிக்கொள்ளச் செய்த இரண்டு விஷயங்கள் இருந்தன. இன்று நாம் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு அவ்விரண்டையும் மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம்.

முதலாவது, தவணை. கடையை நடத்தும் மேலாளாகவோ அவருக்கு உதவும் அடுத்தாளாகவோ போகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை, அதற்கு இன்ன சம்பளம், அதில் ஒரு பகுதி முன்பணம். வீட்டில் இருந்தவளுக்குக் கணவர் எப்போது திரும்புவார் என்பது தெரியும். இரண்டாவது, வேறு வைத்தல். மணமான சில காலத்தில் மகனையும் மருமகளையும் ஒரே வளவுக்குள் (பெரிய வீட்டுக்குள்) தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று ஒதுக்கித் தனிப் புள்ளியாக்கிவிடுவார்கள், அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிடுவார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அடுப்பு வேறு, கணக்கு வேறு. மருமகள் கொண்டுவந்த சீர்ப்பணம் அவள் பெயரிலேயே வட்டிக்கு வளர்ந்தது. கணவர் இல்லாத வீட்டில் அவள் யாருடைய தயவிலும் நிற்கவில்லை என்று முழுமையாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் உப்புக்கும் புளிக்கும் கையேந்தி நிற்கவில்லை.

பழையதைப் போற்றிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அக்கரையில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த ஆண்களும் இருந்தார்கள். அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் உரக்கப் பேசியதில்லை. கீழைப் பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் 1938 வாக்கில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது; 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் வந்து சேர்ந்த நிலம் அது. 1942-இல் ஜப்பானியப் படை வந்ததும் பலர் கால்நடையாகத் திரும்பினார்கள். 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1960-களில் ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. இன்று பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சிலவற்றுக்கு அந்த ஆண்டுகளே காரணம். வரவு முழுவதையும் அக்கரையிலேயே வைத்தவர்களும், வந்த லாபத்தை அவ்வப்போது ஊருக்கு அனுப்பியவர்களும் ஒரே அளவில் விழவில்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் கொள்ளலாம்.

இனி இன்றைய கணக்கு. அவன் தனியாக இருந்தால், பொது வீட்டில் ஓர் அறைக்கு ஏறக்குறைய 1,000 வெள்ளி வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, வரி எல்லாம் சேர்த்து மாதம் 2,500 வெள்ளிக்குள் அடங்கும். 4,500 வெள்ளி மிஞ்சும், மனைவியின் ஊர்ச் சம்பளமும் தொடரும். நால்வரும் போனால், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் முழு வீட்டின் வாடகை 3,000 வெள்ளியை ஒட்டி வரும். பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, நால்வரின் சாப்பாடு சேர்ந்தால் மாதம் 500 வெள்ளி மிஞ்சுவதே பெரிது, மனைவியின் சம்பளமும் நின்றுபோகும். பணத்தை மட்டும் பார்த்தால் ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும். என் தம்பி இங்கேதான் முடித்துவிடப் பார்த்தான்.

ஊரில் விடப்படும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அப்படி முடிக்க விடவில்லை. 2018-இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பெற்றோர் வேலைக்காகப் பிரிந்து சென்ற பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்று சொன்னது. இதை அப்படியே நமக்குப் பொருத்துவதற்கு நான் தயங்குகிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் கிராமத்திலிருந்து நகரத்துக்குச் சென்ற பெற்றோரைப் பற்றியவை. நமக்கு நெருக்கமானது தென்கிழக்கு ஆசியாவில் நான்கு நாடுகளில் நடந்த ஆய்வு. தந்தை வெளிநாடு சென்ற வீட்டுப் பிள்ளைகளின் மனநலம் இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் தாழ்ந்திருந்தது. பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் அப்படித் தெரியவில்லை. ஒரே பிரிவு, வேறு வேறு விளைவு. ஆகவே பிரிவு என்பது தன்னளவில் நஞ்சும் அல்ல, தீங்கற்றதும் அல்ல. பிரிவைச் சுற்றி வீடு எப்படி அமைக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனைவியின் நிலையிலும் இதுவே. சோனால்டே தேசாயும் மஞ்சிஸ்தா பானர்ஜியும் இந்தியக் குடும்பங்களை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, கணவர் வேலைக்காக வெளியே இருக்கும் பெண்களில் தனிக்குடித்தனம் இருப்பவர்களுக்குப் பொறுப்பும் முடிவெடுக்கும் உரிமையும் கூடுகின்றன, கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அப்படிக் கூடுவதில்லை என்று காட்டியது. இதைப் படித்தபோது, வேறு வைத்தல் என்பதை வகுத்தவர்கள் ஏதோ கண்டுகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. இன்று தம்பி வீட்டில் அடுப்பு ஒன்று. தனியாகப் போகும் வழியைத் தேர்ந்தால், மருமகள் காலையில் பள்ளிக்குப் போவாள், மாலையில் வந்து மாமியார் மேற்பார்வையில் சமைப்பாள், பிள்ளையைப் பள்ளி மாற்றுவது முதல் மருத்துவரைப் பார்ப்பது வரை ஒவ்வொன்றுக்கும் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒப்புதலும் வீட்டு முகப்பில் இருக்கும் பெரியவர்களிடமிருந்து ஓர் ஒப்புதலும் வாங்குவாள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "போறது தப்பில்லை. எப்ப வர்றதுங்கிறதும், நான் யாரைக் கேட்டுச் செய்யணுங்கிறதும் தெரியணும்." மூன்று மாலை நாங்கள் பேசியதைவிட இந்த இரண்டு வாக்கியங்களில் சாரம் அதிகம்.

இதில் வங்கிக் கணக்கு என்ற சிறிய விஷயம் பெரிதாகிறது. கணவர் பெயரில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கு திறந்து மனைவியைக் கூட்டுப் பெயராகச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஊரில் இருக்கும் உறவினரை அந்தக் கணக்கில் சேர்க்கும்போது, முதலாமவர் இருக்கும்வரை இரண்டாமவர் தன் உரிமையில் பணம் எடுக்க முடியாது. அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் எடுக்கலாம். அதைவிட மனைவியின் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு மாதாமாதம் வீட்டுச் செலவை நேராக அனுப்புவதே சரி. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பணப் பரிமாற்றச் சேவையான பேநவ்வும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்ட பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வங்கிகள் வழியாகக் கைபேசி எண்ணுக்கே பணம் உடனே வந்துவிடுகிறது. உண்டியல் (பணம் பெறுவதற்கான சீட்டு) ரங்கூனிலிருந்து வரக் காத்திருந்த ஆச்சிமாருக்கு இது மாயமாகத் தோன்றும். மாமனார் கணக்குக்கு மொத்தமாக அனுப்பி அவர் பிரித்துக் கொடுப்பது என்ற வழக்கம் மரியாதை போலத் தோன்றினாலும், ஆறு மாதத்தில் வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்துவிடும். நான் பார்த்த வீடுகளில் சண்டைக்குக் காரணம் தொகையாக இருந்ததே இல்லை. அது யார் கையில் வந்து இறங்குகிறது என்பதுதான் காரணமாக இருந்தது.

தனியாகப் போகும் வழியில் சிங்கப்பூருக்கு ஒரு சாதகம் உண்டு. நேர வித்தியாசம் இரண்டரை மணி மட்டுமே. அவன் அங்கே இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் இங்கே ஏழு. மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவருக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி வித்தியாசம், ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். திருச்சியிலிருந்து நேர் விமானம் நான்கு மணி நேரம். காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். என் தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மகன் மறுநாள் வீட்டில் இருக்கலாம். ஆனால் 2 வயதுப் பிள்ளைக்கு இந்தச் சாதகம் எதுவும் பயன்படாது. 6 வயது மகள் கைபேசியில் தெரிவது தன் அப்பச்சிதான் (அப்பாதான்) என்று அறிவாள், கோபித்துக்கொள்ளவும் அறிவாள். சின்னவனுக்கு அது ஒரு படம்.

மகளை அப்பத்தாவிடம் விடும் மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பள்ளி மாறாது, தமிழ் போகாது, அங்கே ஒரு பள்ளிக் கட்டணம் குறையும், பெரியவர்களுக்குத் துணை. இவை எல்லாம் உண்மை. ஆனால் 'என் தம்பி மட்டும் அங்கே போகிறான், நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்பதை ஒரு 6 வயதுக் குழந்தைக்கு எந்த மொழியிலும் விளக்க முடியாது. போதாததற்கு, வளர்க்க வேண்டியவளுக்கு முழங்கால் வலி. காலையில் வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டுக் கிணற்றடி வரை நடப்பதற்கே தூணைப் பிடித்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்பவரின் உடலும் மனமும் தளர்ந்திருந்தால் பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது. இருவரும் போயே தீர வேண்டிய நெருக்கடி உள்ள வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

நால்வரும் போகும் வழியை என் தம்பி "சேமிப்பே இல்லாத சிங்கப்பூர்" என்று ஒதுக்கினான். எனக்கு அது பிடித்த வழி, ஆகவே அதன் குறைகளை முதலில் சொல்கிறேன். அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புக்கு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் கொடுத்த பிறகே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு. இடம் உறுதி இல்லை. முதல் வகுப்பைத் தவறவிட்டால் அதன்பின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்தியப் பாடத்திட்டம் சொல்லித்தரும் தனியார் பள்ளியில் இடம் கிடைக்கும், கட்டணம் கனமாக இருக்கும். இதைவிடப் பெரிய குறை மருமகளின் வேலை. பத்தாண்டு வகுப்பறையில் நின்ற பெண், டிபெண்டன்ட் பாஸில் ஒரு பத்தாவது மாடி வீட்டில், கணவன் வரும் வரை பிள்ளைகளோடு மட்டும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் கூட்டுக் குடும்பத்தின் நெருக்கடியைச் சொன்னேன். அங்கே அதற்கு நேர்மாறான தனிமை. சேர்ந்து வாழ்வதாலேயே குடும்பம் நலமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வது, அதன் விலையை ஒருத்தி மட்டும் கொடுக்கிறாள் என்பதை மறைத்துவிடும்.

மறுபக்கத்தில், மற்றப் பல அயல்நாடுகளில் எளிதில் கிடைக்காத சில சிங்கப்பூரில் கிடைக்கின்றன. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் உண்டு. தமிழ் முரசு 1935 முதல் வந்துகொண்டிருக்கிறது. டாங்க் ரோட்டில் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. நகரத்தார் விழாவான பிள்ளையார் நோன்பன்று மாவிளக்கில் இழை ஏற்றி எடுத்துக்கொள்ளக் கூட ஆள் இருக்கும். பிள்ளைகள் தகப்பனோடு வளர்வார்கள். சின்னவனுக்கு 2 வயது என்பதால் இந்த ஆண்டுகளுக்கு விலை அதிகம். அவனுக்கு 12 வயதாக இருந்திருந்தால் என் தராசு வேறு பக்கம் சாய்ந்திருக்கும், ஏனெனில் அந்த வயதில் பள்ளியையும் நண்பர்களையும் பெயர்த்து எடுப்பது வேறு வகையான இழப்பு.

தூரத்தில் இருப்பதால் யாரும் இப்போது பேசாத ஒன்றும் உண்டு. பின்னாளில் நிரந்தரவாசம் கிடைத்து, பெற்றோர் வழியாகச் சின்னவனும் அதைப் பெற்றால், 18 வயதை ஒட்டி அவன் 2 ஆண்டு தேசிய சேவை, அதாவது கட்டாயச் சீருடைப் பணி, செய்ய வேண்டும். செய்யாமல் அந்த உரிமையைக் கைவிட்டால், பிறகு அங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். அதை நல்லது என்றோ கெட்டது என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் 2 வயதுப் பிள்ளைக்காக எடுக்கும் முடிவு 18-இல் வந்து கதவைத் தட்டும்.

பெற்றோரைப் பற்றி. அழைத்துச் செல்வதற்கு 12,000 வெள்ளி வரம்பு இருப்பதால் அந்தப் பேச்சு தானாகவே முடிந்துவிட்டது. சட்டம் அனுமதித்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதரை மின்தூக்கி இருக்கும் மாடியில் வைப்பது பராமரிப்பு ஆகாது. அவர்களுக்குத் தேவை மூன்று: பகலில் ஒரு நம்பகமான ஆள், அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஓர் உறவினர், வீட்டுச் செலவுக்கு வாய்விட்டுக் கேட்காமல் வரும் பணம். முதலாவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாம். இரண்டாவதற்கு என் பெயர் எழுதப்பட்டது, நானும் ஒப்புக்கொண்டேன். மூத்தோர் உதவி எண் 14567 அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

இவற்றை எல்லாம் வைத்து நான் சொன்ன யோசனை இது. முதல் பத்து மாதம் அவன் தனியாகப் போகட்டும். வேலை நிலைக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும், கடனில் ஒரு பகுதியும் அடையும். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், மகளின் முதல் வகுப்பை ஒட்டி மற்ற மூவரும் போய்ச் சேரட்டும். மூன்று ஆண்டு முடிவில், மருமகளுக்கு அங்கே வேலை பாஸ் கிடைத்திருந்தால் மேலும் இருப்பது பற்றிப் பேசலாம். கிடைக்கவில்லை என்றால் திரும்பிவிடுவது. இடையில் வரும் பத்து மாதத்துக்கு மருமகளும் பிள்ளைகளும் காரைக்குடியில் அவள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் இருக்கட்டும், வாரக் கடைசியில் பள்ளத்தூருக்கு வரட்டும். இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு அதிகம். ஊர் என்ன சொல்லும் என்றார்கள். நான் வேறு வைத்தல் என்ற பழைய சொல்லை எடுத்துப் போட்டேன், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஒர்க் பர்மிட்டில் போகும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது; அங்கே சேர்ந்து வாழும் வழியே இல்லை. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு: முகவருக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கும் கடன் முதல் ஆண்டை விழுங்கிவிடாமல் பார்ப்பது, திரும்பும் ஆண்டை முன்பே குறித்துவைத்து அதை நீட்டிப்பதாக இருந்தால் மனைவியிடம் கேட்டுவிட்டு நீட்டிப்பது, பணத்தை அவள் கணக்குக்கு அனுப்புவது.

எங்கள் வீட்டில் பேசி முடித்ததை மருமகளே ஒரு தாளில் எழுதினாள். மேலே பிள்ளையார் சுழியாக உ போட்டு, சம்பளச் சீட்டுப் போலவே, போகும் மாதம், சேரும் மாதம், முடியும் மாதம், யார் கணக்குக்கு எவ்வளவு, எதை அவள் தனியாகவே முடிவெடுக்கலாம் என்று வரிசையாக. என் தம்பி மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்று விட்டுப்போயிற்று என்றாள். ஐப்பசி மழைக்கு முன் இரண்டாங்கட்டு ஓடு மாற்ற வேண்டும், பங்காளிகளிடம் பணம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு இனி யார் போவது? தாளில் கடைசி வரியாக அதையும் சேர்த்தோம். அதற்கு எதிரே யார் பெயரும் இன்னும் எழுதப்படவில்லை.